மார்கழி ஏரியும் ஈரச் சட்டையும்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியின் மீன் பாசிக் குத்தகையில் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் செவுள் வலையைக் கட்டிவிட்டு வந்து, மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு தெர்மாகோல் மிதவையில் போய் எடுப்பார். மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் மிதவை கவிழ்ந்துவிட்டது. லுங்கி வலையில் மாட்டிக்கொண்டதால் வெகுநேரம் தண்ணீரிலேயே கிடந்து, ஒருவழியாகக் கரை ஏறினார். 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிக்கொண்டு ஈரத்துணியோடு உட்கார்ந்து வலையைப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிக்கொண்டது. விரல் மடங்கவில்லை. பேச்சு குழறியது. பக்கத்தில் இருந்தவர்கள் பிராந்தி ஊற்றிக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். 'நனைந்தால் கல்லாகக் கனத்து என்னை அடியில் இழுத்துவிடும்' என்று போட மறுக்கிறார். மறுபடியும் அதே லுங்கி, அதே பருத்திச் சட்டை. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? குளிரும் தாங்க வேண்டும், விழுந்தாலும் உயிருக்கு மோசம் வரக்கூடாது. அப்படி ஏதாவது உடுப்பு இருக்கிறதா?

வாசகி ஒருவர், வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. குளிருக்கு ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மனைவி சொல்வது சரி. கம்பளி ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவது ஆபத்து என்று கணவர் சொல்வதும் சரிதான். ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. ஸ்வெட்டருக்குப் பயப்படுகிற அவர், உண்மையில் பயந்திருக்க வேண்டியது லுங்கிக்கு.

தண்ணீரில் தப்பியவர் கரையில் விறைத்தது ஏன்?

மார்கழி விடிகாலையில் ஏரியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிக்காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை ஏரி அவ்வளவு சீக்கிரம் விடாது. அந்த வெதுவெதுப்புதான் ஆளை ஏமாற்றுகிறது. நம் உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியஸ். ஏரித் தண்ணீர் எவ்வளவு இதமாகத் தோன்றினாலும் அதைவிடப் பல டிகிரி குறைவு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் தண்ணீரில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடம்பின் சூடு சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது.

கரை ஏறிய பிறகு இரண்டாவது இழப்பு தொடங்குகிறது. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் வெளிப்பக்கம் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வீச வீசப் பானை இன்னும் ஜில்லென்று ஆகும். ஈரமான பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்கரைக் காற்றில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பானையைப் போலத்தான். பருத்தி தண்ணீரை நன்றாகக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. கோடைக்கு அது வரம். மார்கழிக்கு அதுவே எமன்.

உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று மருத்துவம் சொல்கிறது. அதற்கு இமயமலைக்கோ பனிக்கட்டிக்கோ போக வேண்டியதில்லை. வெறும் வயிறு, களைப்பு, ஈரத்துணி, காற்று இந்த நான்கும் சேர்ந்தால் அரும்பாவூர் ஏரியிலும் வரும், சுக்கிரன் ஏரியிலும் வரும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் ஏரிகள் நிரம்புகின்றன. ஏரி மிக ஆழமாக இருக்கும் நாள்களும் மிகக் குளிரான நாள்களும் ஒன்றாகவே வருகின்றன. வண்டல் எடுத்த பள்ளங்கள் அப்போது தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கும்.

நனைந்த துணி ஆளை இழுக்குமா?

கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதன் விடை கையிலேயே இருக்கிறது. வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் கனம் தெரியாது. தண்ணீர் மட்டத்தைவிட்டு மேலே வந்த அந்தக் கணத்தில்தான் முழுக் கனமும் கைக்கு வரும். நனைந்த ஸ்வெட்டரும் அப்படியே. தண்ணீருக்குள் அது ஆளைக் கீழே இழுப்பதில்லை. அதற்குள் இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர். ஆனால் கையை வீசி நீந்தும்போது தடுக்கும். மிதவையில் கை ஊன்றி ஏறப் பார்க்கும்போது பல கிலோ கனத்தோடு பின்னால் இழுக்கும். முட்டிவரை வரும் கம்பூட்ஸும் இப்படித்தான். ஏரிக்குள் போக அது வேண்டாம்.

லுங்கியின் கதை வேறு. அது கனத்தால் கொல்வதில்லை, சுற்றிக்கொண்டு கொல்லும். தண்ணீரில் காலை உதைத்தவுடன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிடும். செவுள் வலையின் கண்ணில் எதுவும் மாட்டும். லுங்கி முனை, சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், மோதிரம், அரைஞாண் கயிறு, கழுத்தில் சுற்றிய மஃப்ளரின் வால் என்று எல்லாமே மீனுக்கு விரித்த வலையில் ஆளை மாட்டிவிடும். அன்று அவரை வெகுநேரம் தண்ணீரில் வைத்திருந்தது இதுதான். மழைக்கும் குளிருக்கும் தலையில் மாட்டும் சாக்குக் கொங்காணி கரையில் நல்ல காப்பு. மிதவையில் ஏறும்போது அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

அப்படியானால் எதைப் போடுவது?

ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் போதும். 'இந்தக் காற்றுக்கு எது போதும்' என்று பார்த்து உடுத்தக் கூடாது. 'இப்போது தண்ணீரில் விழுந்தால் இது என்ன செய்யும்' என்று பார்த்து உடுத்த வேண்டும். கடலில் கட்டுமரம் ஏறிய பழைய தலைமுறை கோவணத்தோடு போனதிலும் இந்தக் கணக்கு உண்டு. அலையில் நனையாமல் இருக்க முடியாத தொழிலில், ஈரத்துணியைவிட வெறும் உடம்பு சீக்கிரம் காயும். இன்று அதைவிட நல்ல வழி இருக்கிறது.

உடம்போடு ஒட்டி: கபடி, கால்பந்து ஆடும் பிள்ளைகள் போடும் பாலியஸ்டர் ஜெர்சி, முழுக்கை வைத்தது. இது தண்ணீரைக் குடிக்காது. உதறினால் பாதி காய்ந்துவிடும். பொத்தான் கிடையாது. மகனின் பழைய ஜெர்சி வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

குளிர் அதிகமானால் அதன் மேல்: ஃப்ளீஸ் என்று கடைகளில் விற்கும், கம்பளி போலப் பொசுபொசுவென்று இருக்கும் மெல்லிய பாலியஸ்டர் சட்டை. நனைந்தாலும் பிழிந்தால் மறுபடி சூடு பிடிக்கும். ஆட்டுக் கம்பளியும் நனைந்த பிறகு ஓரளவு சூடு காக்கும். ஆனால் நிறைய தண்ணீர் ஏற்றி, தொங்கி, கையைத் தடுக்கும். மனைவி வாங்கிய ஸ்வெட்டர் வீண் இல்லை. அது கரையில் காத்திருக்கட்டும்.

காற்றுக்கு: உடம்போடு ஒட்டிய நைலான் ஜெர்கின். தொளதொளவென்ற மழைக்கோட்டு வேண்டாம். துடுப்புப் போட்டதும் உடம்பு சூடாகி வியர்க்கும். வியர்வையும் ஈரம்தான். போகும்போது கழற்றிவிட்டு, நின்று வலை எடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

இடுப்புக்குக் கீழே: முழங்கால் அளவு நைலான் டிரவுசர் அல்லது காலைப் பிடித்தாற்போல் இருக்கும் டிராக் பேண்ட். ஜீன்ஸ் வேண்டாம். அது பருத்தியிலேயே முரட்டுப் பருத்தி. கணவரோடு பரிசலில் போகும் பெண்களுக்கும் இதே விதிதான். புடவையும் நைட்டியும் லுங்கியைப் போலவே காலைச் சுற்றும். துப்பட்டா இல்லாத, கால் இறுகிய சுடிதார் பாதுகாப்பு.

தலைக்கு: குரங்குக் குல்லா நல்லது. மஃப்ளர் வேண்டாம்.

காலுக்கு: பின்பக்கம் பட்டை வைத்து இறுக்கும், தண்ணீர் வழிந்தோடும் பிளாஸ்டிக் செருப்பு. ஏரிக்குள் சீமைக் கருவேல முள் எங்கே கிடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. காலில் புண்ணோடு மழைத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரவும் வழி உண்டு.

நிறம்: விடியாத நேரத்தில் கறுப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, மஞ்சள் நிறமாக இருந்தால் கரையில் இருப்பவர் ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலே லைஃப் ஜாக்கெட்

'எனக்கு நீச்சல் தெரியும், அது எதற்கு' என்று பலர் கேட்பார்கள். அன்று கரையில் விரல் மடங்காமல் போனது போலத் தண்ணீரிலேயே போயிருந்தால் அந்த நீச்சல் எதற்கு உதவியிருக்கும்? நீந்துவதற்குக் கை கால் வேண்டும். மிதப்பதற்கு ஜாக்கெட் போதும். தவிர, அதன் நுரை மார்பையும் முதுகையும் போர்வை போல மூடிச் சூட்டையும் காக்கும். ஒரே சட்டையில் இரண்டு வேலை.

வாங்கும்போது உள்ளே இருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். அதில் எத்தனை கிலோ எடை உள்ளவருக்கு என்று இருக்கும். தரமான ஜாக்கெட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கும் இருக்கும். 10 நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கி நிறுத்தும் விசை. 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு, பக்கத்திலேயே ஆள் இருக்கும்போது உதவும். தனியாகப் போகிறவருக்கு 100 வேண்டும். தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை இருப்பதாகப் பார்த்து வாங்கினால், ஆள் சோர்ந்து போனாலும் முகத்தை மேலே நிறுத்தும்.

போட்டு, எல்லாப் பட்டையையும் மாட்டிய பிறகு, தோள் பக்கம் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. ஜெர்கின் உள்ளே, ஜாக்கெட் வெளியே. அதை மடித்துப் போட்டு உட்காரக் கூடாது, நுரை நசுங்கிவிடும். நிழலில் உலர்த்த வேண்டும். ஜாக்கெட்டில் ஒரு விசிலும், இடுப்பில் உறையோடு ஒரு சிறு கத்தியும் இருக்கட்டும். வலை மாட்டினால் அறுத்துவிடலாம். போனது வலையாக இருக்கட்டும், ஆளாக இருக்க வேண்டாம்.

கரையில் காத்திருக்கும் வாளி

காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி, மூடியை இறுக்கிக் கரையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்குள் ஒரு துண்டு, மாற்றுத் துணி, அந்தக் கம்பளி ஸ்வெட்டர், ஒரு போர்வை, பிளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. கரையில் இன்னொரு பொருளும் இருக்கட்டும்: பழைய 5 லிட்டர் கேனில் கால் பங்கு தண்ணீர் விட்டு மூடி, நீண்ட கயிற்றில் கட்டி வைத்தால், விழுந்தவரை நோக்கி எறிய வாகாக இருக்கும். காப்பாற்றப் போகிறவர் தானும் குதிக்க வேண்டியதில்லை.

விறைத்தவருக்கு முதலுதவி

முதலில் ஈரத்துணி முழுவதையும் கழற்றித் துடைக்க வேண்டும். வெட்கம் பார்க்கும் நேரம் இல்லை. காற்று படாத இடத்தில், வெறும் தரையில் இல்லாமல் வைக்கோல் அல்லது சாக்கின் மேல் படுக்க வைத்து, தலை உட்பட போர்த்த வேண்டும். நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்பு டீ அல்லது கஞ்சி கொடுக்கலாம். கை கால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது.

பிராந்தி கொடுத்தது பாசத்தில் செய்த தவறு. மது, தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடு ஏறியது போலத் தோன்றும். உண்மையில், நெஞ்சுக்குள் மிஞ்சியிருந்த சூடு தோலுக்கு வந்து காற்றில் போய்க்கொண்டிருக்கும். உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் போடும் நடுக்கத்தையும் மது குறைத்துவிடும். இன்னொன்றும் முக்கியம். குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோனால், 'சரியாகிவிட்டார்' என்று எண்ணிவிடக் கூடாது. பேச்சு குழறல், தூக்கக் கலக்கம், நடுக்கம் நிற்பது இவை தெரிந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடும் உண்டு. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு, உயிரிழப்பு அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம் ரூபாயும், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சமும் அதில் வைக்கப்பட்டது. ஏரியில் மீன் பிடிப்பவரும் மீனவர்தான். தன் பெயர் பதிவில் இருக்கிறதா, பாதுகாப்புக் கருவிகளுக்கு இப்போது மானியம் உண்டா என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட குழிகளில் தண்ணீர் நிற்கிறது. மீனும் நிறைய. பையன்கள் லாரி டியூபில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

வாசகர் ஒருவர், அரியலூர் மாவட்டம்.

பதில்: போதாது. ஏரிக்குக் கரை உண்டு. எங்கே விழுந்தாலும் சரிவில் நடந்து ஏறிவிடலாம். வெட்டிய குழிக்குச் சுவர்தான் உண்டு. ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும். ஆனால் செங்குத்தான வழுக்குப் பாறையில் ஏற்றிவிடாது. மிதந்துகொண்டே கிடப்பவரின் உடம்புச் சூடு மேலே சொன்னபடி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஓரம் எங்கே உடைந்து சரியும் என்றும் தெரியாது. ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. வேலி இல்லாத குழியாக இருந்தால் ஊராட்சி மூலம் மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரிலும் கொடுக்கலாம்.

கேள்வி: என் மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். லீவு நாளில் 'கயாக்' என்ற சின்னப் படகில் தனியாகப் போய் மீன் பிடிக்கிறானாம். பனி உருகும் பருவத்தில் ஒரு பருத்தி டிரஸ்ஸும் மேலே ஒரு ஜெர்கினும் போட்டு நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறான். 'வெயில் அடிக்குதும்மா, குளிரே இல்லை' என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவனிடம் என்ன சொல்வது?

வாசகி ஒருவர், ஜெயங்கொண்டம்.

பதில்: தாயின் பயம் நியாயமானது. கயாக் என்பது கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையும் தட்டையான துடுப்பால் தள்ளிப்போகும் குறுகலான படகு. மீன் இழுக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் கவிழக்கூடியது. வேப்பந்தட்டை வாசகிக்குச் சொன்னது அத்தனையும் மகனுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே ஆபத்து பல மடங்கு. அங்கே வெயில் காற்றைத்தான் சூடாக்கியிருக்கும். பனி உருகிய தண்ணீர் பனியாகவேதான் இருக்கும்.

அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். தன்னையறியாமல் வாயைத் திறந்து இழுப்பார்கள். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்தது. பதறாமல் மூச்சை வசப்படுத்த வேண்டிய நிமிடம் அது. அடுத்த 10 நிமிடம்வரை கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகில் ஏறிவிட வேண்டும். அதன் பிறகு 1 மணி நேரம் அளவில் நினைவு தப்பும். அந்த ஒரு மணி நேரமும் தலை மேலே இருந்தால்தான் கணக்கு. ஜாக்கெட் இல்லாதவர் குளிரில் சாவதற்கு முன்பே மூழ்கிவிடுவார்.

கயாக்கை உருவாக்கியவர்கள் வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்கள். அவர்கள் கடல்நாய்த் தோலில் தைத்த சட்டையைப் படகின் வாய் விளிம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். கவிழ்ந்தாலும் தண்ணீர் உள்ளே வராது. காற்றுக்காக உடுத்தவில்லை, கடலுக்காக உடுத்தினார்கள். இன்று அந்த வேலையைச் செய்ய இரண்டு வகை உடைகள் இருக்கின்றன. 'வெட் சூட்' என்பது நியோபிரீன் ரப்பர் உடை. உள்ளே வரும் கொஞ்சம் தண்ணீரை உடம்போடு ஒட்டி நிறுத்தி, அதை உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக்கி வைத்திருக்கும். உடம்போடு ஒட்டியிருந்தால்தான் பலன். 'டிரை சூட்' என்பது கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் அடைத்துத் தண்ணீரே உள்ளே வராமல் தடுக்கும் உடை. அது தானாகச் சூடு தராது. உள்ளே ஃப்ளீஸ் அல்லது கம்பளி போட வேண்டும், பருத்தி கூடாது. பனி உருகிய தண்ணீருக்கு இரண்டாவதுதான் ஏற்றது. எந்த உடை போட்டாலும் மேலே லைஃப் ஜாக்கெட். கைபேசி படகில் கிடக்காமல் தண்ணீர் புகாத உறையில் மார்போடு இருக்க வேண்டும். எங்கே போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை மகன் போன் செய்யும்போது, 'ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாயா' என்று கேட்டால் 'ஆமாம்மா' என்று சொல்லிவிடுவான். 'தண்ணீரில் விழுந்தால் என்ன போட்டிருப்பாய்' என்று கேளுங்கள். அதற்கு அவன் யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும்.